‘ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைக்கு உது என்னத்துக்கு?’

‘அமிலத்துக்குத் துலங்கல் காட்டி, பளிங்கிலும் திரவப் பளிங்கிலும் அவத்தை மாறும் உலோகச் சிக்கற் சேர்வைகள்.’

இந்த வரியை வாசிச்ச உடனேயே பக்கத்தை மூடப்போன ஆக்கள் கொஞ்சம் பொறுங்கோ. இது இரசாயனவியலில் இண்டைக்கு நடக்கிற ஒரு ஆராய்ச்சித் துறையின் பெயர். கலைப்பீடத்தில் இருக்கிற ஒருவர் இதைச் சத்தமாக வாசிச்சால், பக்கத்தில் இருக்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைக்கு உது என்னத்துக்கு?”

கேட்கிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்கிறதில்லை. சிலர் பகிடிக்குக் கேட்பார்கள். சிலர் அக்கறையில் கேட்பார்கள்: சோதினைக்கு வராத ஒன்றில் ஏன் நேரத்தைச் செலவழிக்கிறாய் எண்டு. ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கு. விஞ்ஞானம் ஒரு வகைப் பிள்ளைகளுக்கு, மற்றது இன்னொரு வகைப் பிள்ளைகளுக்கு எண்ட முடிவு. அந்த முடிவை எடுத்தது நாங்களில்லை எண்டுதான் நான் இங்கே சொல்ல வாறன். அதுக்கு முதல், மேலே இருக்கிற அந்தப் பயங்கரமான தலைப்பை உடைச்சுப் பார்ப்பம். சாதாரண தரம் வரை எல்லாரும்தான் விஞ்ஞானம் படிச்சனாங்கள். அந்த அறிவு போதும்.

‘உலோகச் சிக்கற் சேர்வை’ எண்டால் நடுவில் ஒரு உலோக அணு, அதைச் சுற்றிப் பிடிச்சுக்கொண்டு வேறு மூலக்கூறுகள். அவ்வளவுதான். நண்டைப் பிடிக்கிறவர் அதன் இரண்டு கொடுக்கையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி, சுற்றியுள்ள மூலக்கூறுகள் உலோகத்தைப் பல பக்கத்தால் பிடிச்சிருக்கும். இது ஆய்வுகூடத்துக்குள் மட்டும் இருக்கிற பொருள் இல்லை. ஒடியல் கூழ்ப் பானைக்குள் பாருங்கோ. முருங்கையிலையின் பச்சையத்தில் நடுவே மகனீசியம். மீனின் இரத்தத்தில் இரும்பு. நண்டின் இரத்தத்தில் செம்பு. அது ஒட்சிசனைப் பிடிச்சால் நீலம், விட்டால் நிறமில்லை. ஊர்காவற்றுறைப் பக்கம் நண்டு வாங்கி, வளவில் முருங்கையிலை ஆய்ந்து, கூழ் காய்ச்சுகிற வீட்டில் ஒரே பானைக்குள் மூன்று உலோகச் சிக்கற் சேர்வைகள் கொதிக்குது.

அந்தப் பானைக்குள் பழப்புளி கரைச்சு விட்டால் என்ன நடக்கும்? முருங்கையிலையின் பளிச்சென்ற பச்சை போய், மங்கின ஒலிவ் நிறத்துக்கு வரும். இலை ‘வெந்துபோச்சு’ எண்டு சொல்லிப்போட்டு விட்டுவிடுவம். உண்மையில் நடந்தது ஒரு இடமாற்றம். பச்சையம் ஒரு வளையம். அந்த வளையத்தின் நடுவில் இருக்கிற மகனீசியத்தை நான்கு நைதரசன் அணுக்கள் பிடிச்சிருக்கும். கொதியில் இலையின் கலங்கள் உடைஞ்சு, புளியின் அமிலமும் இலைக்குள்ளேயே இருக்கிற அமிலமும் வளையத்தை எட்டும்போது, இரண்டு ஐதரசன் அயன்கள் உள்ளே நுழையும், மகனீசியம் வெளியே போகும். வளையம் அப்படியே இருக்கும். நடுவில் இருந்த ஆள் மாறினதால் நிறம் மாறுது. வல்லாரைச் சம்பலுக்குச் சாப்பிடப் போகிற நேரத்தில்தான் தேசிக்காய்ப் புளி விடவேணும் எண்டு வீட்டில் சொல்லுவினம். முதலே விட்டு வைச்சால் பச்சை மங்கும். அமிலத்துக்குத் துலங்கல் காட்டுகிற உலோகச் சிக்கற் சேர்வை எண்டால் இதுதான்.

இந்த இடத்தில் ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லவேணும். முகநூலில் ‘நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல’ எண்டு சுத்தித் திரியிற பதிவு வகையில் இதையும் ஒன்றாக எடுத்துவிடாதேங்கோ. அம்மம்மாக்களுக்கு விதி தெரியும், காரணம் தெரியாது. அது அவர்களுக்கு இழுக்கில்லை. பச்சையத்துக்குள் மகனீசியம் இருக்கு எண்டு கண்டுபிடிக்க, ரிச்சட் வில்ஸ்ரேற்றர் போன்றவர்கள் வருடக்கணக்காக இலைகளைப் பிழிந்து பிரிச்சு அளந்தார்கள். அந்த வேலைக்காக 1915இல் அவருக்கு நோபல் பரிசு கிடைச்சுது. விதியைத் தெரிஞ்சு வைச்சிருக்கிறதும் காரணத்தைக் கண்டுபிடிக்கிறதும் இரண்டு வேலைகள். முதலாவது எங்களிட்ட இருக்கு எண்டு பெருமைப்பட்டுக்கொண்டு, இரண்டாவது எங்களுக்குத் தேவையில்லை எண்டு இருக்கிறதுதான் பிழை.

இப்ப தலைப்பின் அடுத்த சொல்: ‘அவத்தை மாறும்’. பனிக்கட்டி தண்ணீராகிறது அவத்தை மாற்றம். ஆனால் திண்மமாகவே இருந்துகொண்டும் மாறலாம். பளிங்கு எண்டால் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட ஒரு திண்மம். அந்த அடுக்கு மாறினால் அதுவும் ஒரு அவத்தை மாற்றம்தான்.

இதற்கு எனக்குப் பிடிச்ச கதை இரத்தத்துடையது. ஈமோகுளோபினுக்குள்ளும் பச்சையத்தினுடையதைப் போன்ற ஒரு வளையம் இருக்கு. நடுவில் மகனீசியத்துக்குப் பதிலாக இரும்பு. 1904இல் டென்மார்க்கில் கிறிஸ்ரியன் போர் (அணு மாதிரிக்குப் பேர்போன நீல்ஸ் போரின் தகப்பன்) ஒரு விடயத்தைக் கவனித்தார். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு கூடினால் ஈமோகுளோபின் தன்னிடம் இருக்கிற ஒட்சிசனை இலகுவாக விட்டுவிடும். அமிலத்தன்மை கூடினாலும் அப்படித்தான். அமிலம் இரும்பை நேரே போய்த் தொடுகிறதில்லை. சுற்றியிருக்கிற புரதத்தின் வேறு இடங்களில் ஐதரசன் அயன் ஒட்டும். புரதத்தின் வடிவம் கொஞ்சம் மாறும். இரும்பின் பிடி தளரும். வள்ளம் வலிக்கிறவரின் கைத்தசையில் அமிலம் சேருது. அந்த இடத்தில்தான் ஒட்சிசனும் கூடத் தேவை. தேவையான இடத்தில் இறக்கிவிடுகிற ஏற்பாடு அது. நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியிற குதிரைகளுக்குள்ளும் இதே ஏற்பாடுதான் ஓடுது.

1938இல் பிராக் நகரத்தில் ஃபீலிக்ஸ் ஹவுறோவிற்ஸ் எண்ட ஆராய்ச்சியாளர், ஒட்சிசன் இல்லாத ஈமோகுளோபின் பளிங்குகளை நுணுக்குக்காட்டியில் வைச்சுப் பார்த்தார். அறுகோணத் தட்டுகளாக இருந்தன. கண்ணாடித் தகட்டின் ஓரத்தால் காற்று உள்ளே போகப் போக, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தட்டுகள் இல்லாமல்போய், ஊசி மாதிரியான வேறு பளிங்குகள் வந்தன. மூலக்கூறு தன் வடிவத்தை மாற்றிக்கொண்டதால், பழைய அடுக்குக்குள் அதால் இருக்க முடியவில்லை. மூச்செடுக்கிறபோது ஈமோகுளோபின் வடிவம் மாறுது எண்டதுக்கு அது ஒரு கண்கண்ட சாட்சி.

அடுத்தது செம்பு. 1928இல் ஸ்கொட்லாந்தின் கிறேஞ்மவுத் எண்ட ஊரில் ஒரு சாயத் தொழிற்சாலையில், எனாமல் பூசின பாத்திரம் ஒன்று வெடிச்சு உள்ளேயிருந்த இரும்பு வெளியே தெரிஞ்சுது. வெள்ளையாக வரவேண்டிய பொருளுக்குள் கடும் நீலமாக ஏதோ கலந்து வந்தது. எறிஞ்சுபோட்டுப் போயிருக்கலாம். எடுத்து ஆராய்ஞ்சார்கள். பச்சையத்தின் வளையத்துக்கு உறவான இன்னொரு வளையம், நடுவில் இரும்பு. 1934இல் லண்டனில் லின்ஸ்ரெட் குழுவினர் அதன் கட்டமைப்பைச் சொன்னார்கள். இரும்புக்குப் பதிலாகச் செம்பை வைச்சால் இன்னும் நல்ல நீலம். அதுதான் செம்புத் தலோசயனீன். 1935இல் கடைக்கு வந்தது. இண்டைக்கு அச்சகங்களில் ‘சியான்’ எண்டு சொல்லுகிற நீல மை பெரும்பாலும் இதுதான். காலையில் வாற பேப்பரின் கலர்ப் படத்தில் இருக்கிற வானமும் கடலும் இந்த நீலத்தால்தான் வருது.

இந்த நீலத்துக்கும் அமிலத்துக்கும் ஒரு நல்ல தொடர்பு இருக்கு. முருங்கையிலையின் மகனீசியம் தேசிக்காய்ப் புளிக்கே எழும்பிப் போய்விடும். செம்பு அப்படியில்லை, செறிந்த சல்பூரிக்கமிலத்தில் கரைச்சாலும் வளையத்தை விட்டுப் போகாது. அமிலம் வளையத்தின் ஓரங்களில் ஐதரசன் அயனைக் கொடுத்து, ஒன்றோடு ஒன்று இறுக்கமாக அடுக்கியிருந்த மூலக்கூறுகளைப் பிரிச்சுக் கரைச்சுவிடும். பிறகு அதைத் தண்ணீருக்குள் ஊற்றினால் திரும்பவும் நீலத் திண்மம் வரும். ஆனால் பழைய திண்மம் இல்லை. முதல் இருந்தது கொஞ்சம் பச்சை கலந்த நீலம். இப்ப வந்தது கொஞ்சம் சிவப்புச் சாயல் உள்ள நீலம். ஒரு அணுவும் கூடவில்லை, குறையவில்லை. அடுக்கின சாய்வுதான் மாறினது. கிடுகை நேரே அடுக்கினாலும் சரிச்சு அடுக்கினாலும் கிடுகு ஒன்றுதானே; குவியலின் தோற்றம் வேறு. பெயின்ற்றுத் தொழிற்சாலைகள் இந்த முறையைப் பல காலமாகப் பாவிக்கின்றன.

2007இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் லீ பிரம்மரோடு வேலை செய்தவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். செம்பும் குளோரினும் பிரிடீன் வகை மூலக்கூறுகளும் சேர்ந்த ஒரு பளிங்கு. அதில் ஓட்டை ஒன்றும் இல்லை. காற்றுப் போக வழியே இல்லாத திண்மம். அதற்கு ஐதரோகுளோரிக்கமில ஆவியைக் காட்டினால், ஆவி உள்ளே போய், செம்பை விட்டுப் பிரிடீனைக் கழற்றி, அதற்கு ஐதரசனைக் கொடுத்து, முழுக்க வேறொரு பளிங்காக மாற்றிவிடும். கரையவும் இல்லை, உருகவும் இல்லை. திரும்பவும் அந்த ஆவியை வெளியேற்றினால் பழைய பளிங்கு வரும். பூட்டின வீட்டுக்குள் ஆள் புகுந்து, சுவரையெல்லாம் மாற்றிக் கட்டிப்போட்டு, கேட்டால் திரும்பப் பழையபடி கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வருகிற மாதிரி. ஒரு வாயு இருக்கா இல்லையா எண்டு காட்டித்தருகிற பொருட்களைச் செய்கிறதுக்கு இந்த மாதிரி வேலைகள் அடிப்படை.

கடைசிச் சொல் ‘திரவப் பளிங்கு’. டிவித் திரையிலும், கல்குலேட்டரிலும், விலை குறைஞ்ச போன்களிலும் இருக்கிற பொருள். திரவம் மாதிரி ஓடும். ஆனால் மூலக்கூறுகள் பளிங்கு மாதிரி ஒரு ஒழுங்கையும் விடாது. இதைக் கண்டது ஆர் தெரியுமோ? ஒரு தாவரவியலாளர். 1888இல் பிராக்கில் ஃபிறீட்றிக் றைனிற்சர், கொலஸ்ரரோலில் இருந்து செய்த ஒரு சேர்வையைச் சூடாக்கினார். 145.5 பாகையில் உருகிக் கலங்கலான திரவமாக வந்தது. 178.5 பாகையில் அந்தக் கலங்கலும் தெளிஞ்சுது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலை! தன் துறையில் இதற்கு விளக்கம் இல்லை எண்டு கண்டதும், அவர் ஒற்றோ லேமன் எண்ட பௌதிகவியலாளருக்குக் கடிதம் எழுதினார். ‘நான் தாவரவியல் படிச்சவன், எனக்கு உது என்னத்துக்கு’ எண்டு அந்த மனிசன் பாத்திரத்தைக் கழுவி வைச்சிருந்தால், ஆரோ ஒருவர் பிறகு எப்பவோ கண்டுபிடிச்சிருப்பார்தான். ஆனால் அந்தக் கடிதத்தை எழுதுகிற மனநிலையைத்தான் எங்கட பாடசாலை முறை பதினாறு வயதில் எங்களிட்ட இருந்து எடுத்துவிடுது.

திரவப் பளிங்கில் எங்களுக்கு இன்னும் கிட்டடியான ஒரு பெயர் இருக்கு. 1977இல் பெங்களூரில் இராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகர், பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ் மூவரும் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் பளிங்காகலாம் எண்டு காட்டினார்கள். அதுவரை தெரிஞ்சதெல்லாம் கோல் மாதிரி நீண்ட மூலக்கூறுகள். இந்தச் சந்திரசேகர், திருச்சியில் பிறந்த சி. வி. இராமனின் சகோதரியின் மகன். (நோபல் பரிசு பெற்ற வானியல் சந்திரசேகர் வேறு, அவர் இராமனின் அண்ணன் மகன்.) தட்டுகள் காசு அடுக்கின மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தூணாக நிற்கும், தட்டின் ஓரத்தில் இருக்கிற நீண்ட வால்கள் மட்டும் உருகி அசையும். அதனால் ஒழுங்கும் இருக்கும், ஓட்டமும் இருக்கும். ஐந்து வருடம் கழிச்சு, 1982இல், பிரான்ஸில் ஒரு குழுவினர் முன்னே சொன்ன அந்தச் செம்பு நீலத்துக்கே நீண்ட வால்களை ஒட்டினார்கள். பெயின்ற்று திரவப் பளிங்காகியது.

இப்ப மேலே இருக்கிற தலைப்பை ஒருக்காத் திரும்ப வாசியுங்கோ. நடுவில் உலோகம், சுற்றிப் பிடிச்ச மூலக்கூறு. அமிலம் வந்து அந்த மூலக்கூறுக்கு ஐதரசன் அயனைக் கொடுக்குது; மின்னேற்றம் மாறுது; பக்கத்து மூலக்கூறோடான பிடி மாறுது; அடுக்கு மாறுது. திண்மமென்றால் ஒரு பளிங்கு இன்னொரு பளிங்காகும். திரவப் பளிங்கென்றால் தூண் கலையலாம், அல்லது புதுசாக எழும்பலாம். இதுக்குள் எது ஒரு ஆர்ட்ஸ் பிள்ளைக்கு விளங்காது?

விளங்கும். விளங்கியும் ‘இது எங்களுடையது இல்லை’ எண்டு தோன்றும். அந்த உணர்வு எங்கே இருந்து வருது எண்டுதான் இனிக் கேட்கவேணும்.

இலங்கையில் பாடசாலைகளுக்கு வகை இருக்கு. 1ஏபி எண்டால் உயர்தரத்தில் விஞ்ஞானம் உட்படத் துறைகள் இருக்கும். 1சி எண்டால் உயர்தரம் இருக்கும், ஆனால் கலையும் வர்த்தகமும்தான். வகை 2 பதினோராம் ஆண்டோடு முடியும். ஒரு பிள்ளை விஞ்ஞானம் படிக்குமா கலை படிக்குமா எண்டது, பல இடங்களில் அந்தப் பிள்ளையின் மூளையில் தீர்மானிக்கப்படுகிறதில்லை; வீட்டுக்குக் கிட்ட இருக்கிற பாடசாலையின் வகையில் தீர்மானிக்கப்படுது. வகை சரியாக இருந்தாலும் ஆய்வுகூடம் வேணும், இரசாயனம் படிப்பிக்க ஆள் வேணும், வந்த ஆள் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போகாமல் நிற்கவேணும். தீவகத்தில் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் அமையிறது அருமை.

நயினாதீவுக்குப் போக, குறிகாட்டுவானில் படகு ஏறவேணும். நெடுந்தீவுக்குக் கடலில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். காத்து அடிச்சால் படகு ஓடாது. யாழ்ப்பாண ரவுனில் பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்குகிற ரியூசன், நெடுந்தீவுப் பிள்ளைக்கு எந்தக் கணக்கில் சரிவரும்? ரவுனில் அறை எடுத்து நின்று படிக்க வசதி உள்ள வீடு எத்தனை? 1990களின் தொடக்கத்தில் ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கமெல்லாம் சனம் பெருமளவு இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தவர்கள் குறைவு. பிள்ளைகள் குறைஞ்சால் வகுப்புக் குறையும்; வகுப்புக் குறைஞ்சால் ஆசிரியர் குறையும்; ஆசிரியர் குறைஞ்சால் இருக்கிற குடும்பமும் பிள்ளையின் படிப்புக்காக வெளிக்கிடும்.

பிறகு பல்கலைக்கழக அனுமதி. விஞ்ஞானத் துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில். மாவட்ட ஒதுக்கீடு வசதி குறைஞ்ச இடத்துப் பிள்ளைகளுக்குக் கை கொடுக்க வந்த ஏற்பாடு எண்டு படிச்சிருக்கிறம். ஆனால் நெடுந்தீவும் நல்லூரும் ஒரே மாவட்டம். கடல் தாண்டி வாற பிள்ளையும், ரியூசன் கொட்டிலுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையும், அந்தக் கணக்கில் ஒரே தராசில்தான் நிற்கினம்.

இந்த வரிசையெல்லாம் முடிஞ்சு, தீவுப் பிள்ளை கலைப்பீடத்துக்கு வந்து சேர்ந்த பிறகு, நாங்கள் அதை ‘விருப்பம்’ எண்டு சொல்லுகிறம். எனக்கு வரலாறும் இலக்கியமும் பிடிக்கும், அதில் பொய்யில்லை. ஆனால் ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிற வீட்டில், அந்தக் கதவால் வெளியே வந்ததைத் தெரிவு எண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. என் வகுப்பில் சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ‘ஏ’ எடுத்த பெட்டையள் இருந்தவை. நாங்கள் படிச்ச இடத்தில் அடுத்த படி இல்லை. அதோடு அந்தக் கதை முடிஞ்சுது.

‘சரி, முடிஞ்சது முடிஞ்சுது. இப்ப பச்சையத்தைப் பற்றித் தெரிஞ்சு வேலை கிடைக்கப் போகுதோ?’ எண்டு கேட்கலாம். கிடைக்காது. நான் வேலையைப் பற்றிக் கதைக்கவில்லை. கேள்வி கேட்கிற உரிமையைப் பற்றிக் கதைக்கிறன். சுன்னாகத்தில் கிணறுகளுக்குள் கழிவு எண்ணெய் கலந்த பிரச்சினை 2014, 2015இல் பெரிசாக வெடிச்சபோது, ஒரு அறிக்கை தண்ணீர் பாதுகாப்பு எண்டது, இன்னொன்று இல்லை எண்டது. ஊர்ச் சனம் இரண்டையும் கையில் வைச்சுக்கொண்டு தடுமாறினது. 2019இல் உயர் நீதிமன்றம் மின்நிலைய நிறுவனத்தை 2 கோடி ரூபா கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. இடையில் போன வருடங்களில் அந்த இலக்கங்களைத் தமிழில் சனத்துக்கு விளங்கப்படுத்த எத்தனை பேர் இருந்தவை?

தீவகத்துக்கு வருவம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்று, வெயில், பற்றரி, டீசல் சேர்ந்த கலப்பு மின் திட்டம். 2021இல் முதலில் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது, பிறகு இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடைத் திட்டமாக மாறினது. அந்த நேரம் எங்கட பக்கத்தில் வாசிச்ச கட்டுரைகள் பெரும்பாலும் சீனாவா இந்தியாவா எண்டதைப் பற்றித்தான். அது எழுதவேண்டிய விடயம்தான். ஆனால் பற்றரியும் உலோக இரசாயனம்தான். உப்புக்காற்றில் அது எத்தனை வருடம் நிற்கும், பழுதானால் ஆர் திருத்துவது, பழைய பற்றரியை எங்கே கொண்டுபோய்ப் போடுவது எண்ட கேள்விகளையும் தீவுச் சனம் கேட்கவேணும். நாளைக்குக் கிராம அலுவலராக, பத்திரிகையாளராக, பிரதேச செயலகத்தில் அதிகாரியாக வந்து இந்தக் கோப்புகளைக் கையில் எடுக்கப் போகிறவர்களில் பாதிக்கு மேல் எங்களைப் போல ஆர்ட்ஸ் படிச்சவைதான். பதினாறு வயதோடு விஞ்ஞானத்தை மூடிவிட்ட ஒருவர் அந்தக் கோப்பில் என்ன எழுதுவார்?

‘தமிழில் இதெல்லாம் எழுத ஏலாது, இங்கிலிஸ் தெரிஞ்சால்தான் விஞ்ஞானம்’ எண்டு சொல்லுகிறவர்களுக்கு ஒரு வரலாறு. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். தானும் தன் மாணவர்களும் சேர்ந்து பாடநூல்களைத் தமிழாக்கினார்கள். அதில் இரசாயன நூலும் ஒன்று: ‘கெமிஸ்தம்’, 1875. நூற்றைம்பது வருடத்துக்கு முதல் யாழ்ப்பாணத்தில் இரசாயனத்தைத் தமிழில் படிச்சு மருத்துவர் ஆனார்கள். அவர் மதம் பரப்ப வந்தவர்தானே எண்டு கேட்டால், ஓம், அது வேறு விவாதம். அதற்காக அந்தப் புத்தகம் இல்லை எண்டாகாது. பிறகு 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறை துறையாகக் கலைச்சொற்களைத் தொகுத்தது. ‘பளிங்கு’, ‘அவத்தை’, ‘சேர்வை’ எண்டு நான் மேலே எழுதின சொல் எல்லாம் எங்கட பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிற சொற்கள்தான். தமிழகத்தில் படிகம் எண்பினம், நாங்கள் பளிங்கு எண்பம். சொல் இருக்கு. உயர்தரத்தோடு அந்தச் சொற்களின் பாவனை நின்றுபோகுது. பல்கலைக்கழக விஞ்ஞானபீடத்தில் எல்லாம் ஆங்கிலம். அங்கே போனவர்களுக்கு ஆங்கிலம் கிடைக்குது, தமிழில் சொல்லுகிற பழக்கம் போகுது. எங்களுக்குத் தமிழ் கிடைக்குது, சொல்லுகிறதுக்கு விடயம் இல்லை. இரண்டு பேரும் ஒரே கன்ரீனில்தான் தேத்தண்ணி குடிக்கிறம்.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். முதலாவது கேட்கவேண்டிய இடத்தில் கேட்கவேண்டியது. தீவகத்தில் விஞ்ஞானத் துறை பெயருக்கு இல்லாமல் உண்மையாக நடக்கிற பாடசாலை வேணும். அதோடு கடல் தாண்டி வருகிற பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, பாதுகாப்பான விடுதி வேணும். விடுதி இல்லாத விஞ்ஞானப் பிரிவு நெடுந்தீவுப் பிள்ளைக்குப் பிரயோசனமில்லை. மாகாணசபை, வலயக் கல்விப் பணிமனை எண்டு எந்த மேசைக்கு முன்னால் எண்டாலும் இந்த இரண்டையும் சேர்த்தே கேட்கவேணும்.

இரண்டாவது, ஆரிட்டயும் அனுமதி கேட்காமல் நாங்களே செய்யக்கூடியது. ஒரு ஆர்ட்ஸ் ஆளும் ஒரு சயன்ஸ் ஆளும் சோடி சேர்ந்து எழுதுகிறது. மாதத்துக்கு ஒரு தலைப்பு. எழுதினதைச் சயன்ஸ் ஆள் பிழை பார்க்கவேணும். விளங்குதா எண்டு ஆர்ட்ஸ் ஆள் பார்க்கவேணும். அதை வைச்சுக்கொண்டு ஊர்ச் சனசமூக நிலையத்தில் சின்னப் பிள்ளைகளோடு ஒரு பின்னேரம் இருக்கிறது. ஆய்வுகூடம் தேவையில்லை. மஞ்சளுக்குச் சுண்ணாம்பு விட்டால் சிவக்கும். தேசிக்காய்ப் புளி விட்டால் திரும்ப மஞ்சளாகும். செவ்வரத்தம் பூச் சாறு சவர்க்காரத் தண்ணியில் ஒரு நிறம், புளித்தண்ணியில் வேறு நிறம். இந்த இரண்டிலும் உலோகம் இல்லை; முருங்கையிலையில் இருக்கு. ஏன் அந்த வித்தியாசம் எண்டு ஒரு ஏழாம் ஆண்டுப் பிள்ளை கேட்டால், அண்டைக்கு வேலை சரி.

இதைச் செய்து நாங்கள் இரசாயனவியலாளர் ஆகப்போறதில்லை. ஷெஃபீல்ட் குழுவின் கட்டுரையில் இருக்கிற அட்டவணைகளை வாசிக்கிறதுக்கு வருடக்கணக்கான பயிற்சி வேணும். அந்தப் பயிற்சிக்கு நான் மரியாதை செய்கிறன். அந்தப் பயிற்சிக்குப் போகிற வழியில் தீவுப் பிள்ளையும் நிற்கவேணும் எண்டதும், போகாத பிள்ளைக்கும் அங்கே என்ன நடக்குது எண்டு தன் மொழியில் தெரியவேணும் எண்டதும்தான் நான் கேட்கிறது.

முதல் தலைப்பு மேலே இருக்கு. பற்றரி, கிணற்றுத் தண்ணீர், முருகைக்கல் எண்டு அடுத்த தலைப்புகள் தீவுக்குள்ளேயே கிடக்கு. விஞ்ஞானபீடத்தில் தெரிஞ்சவை இருந்தால் இண்டைக்கே கேட்டுப் பாருங்கோ.